விட்டுப் பிடித்தல்

டீசல் அம்பாசடரில் போய் இறங்கியவர்களுக்கு இது நினைவிருக்கும். டிரைவர் எஞ்சினை அணைப்பார். சத்தம் ஓயும். ஓயப்போகிற கடைசி நொடியில் வண்டி முழுக்க இடமும் வலமுமாக ஒருமுறை உதறிக்கொள்ளும், குளத்தில் கிடந்துவிட்டுக் கரையேறிய எருமை உடம்பைச் சிலுப்பிக்கொள்வது மாதிரி. கண்ணாடிகள் கிடுகிடுக்கும். டாஷ்போர்டில் ஒட்டிவைத்த பிள்ளையார் தலையாட்டுவார். பிறகு அமைதி.

சின்ன வயதில் நாகர்கோவிலில் கல்யாண வீடுகளுக்குப் போய் இப்படி இறங்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம். ஓடும்போது ஒழுங்காக இருந்த வண்டிக்கு நிற்கும்போது மட்டும் என்ன வந்தது? பதில் ரொம்ப வருடம் கழித்து ஒரு பட்டறையில் கிடைத்தது. பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்றின் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் செயின் பிளாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கீழே இறக்கி நான்கு போல்ட் போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். சாயங்காலம் வரை அது தொங்கிக்கொண்டேதான் இருந்தது.

எஞ்சின்கள் கூடுவிட்டுக் கூடு பாய்வது நம் ஊர்களில் புதிதல்ல. பெட்ரோல் விலை வாடகைக் கார்க்காரர்களின் கையைக் கடித்த காலத்தில் எத்தனையோ அம்பாசடர்கள் பட்டறைகளில் டீசலுக்கு மாறின. தொழிற்சாலையும் அதையேதான் செய்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958-இல் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை அம்பாசடர் ஆக்கியது. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிற்கும் வரை உடம்பு பெரிதாக மாறவில்லை. உள்ளே 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இருந்தது, டீசல் வந்தது, 1990-களில் ஜப்பானின் இசுசு வடிவமைத்த 1817 சிசி பெட்ரோலும் 1995 சிசி டீசலும் வந்தன. ரப்பர் எஸ்டேட் மேடுகளில் ஏறிய மகிந்திரா ஜீப்பின் கதையும் இதுதான். வில்லிஸ் பெட்ரோல் எஞ்சினோடு தொடங்கி, பிற்காலத்தில் பிரான்ஸின் பியூஜோ டீசலுக்குப் போனது. தொழிற்சாலையிடம் வரைபடம் இருந்தது. பட்டறையிடம் இருந்தது சாக்பீஸும் ரசமட்டமும் கண்ணும்.

சட்டம் இப்போது இதில் கறாராக இருக்கிறது. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொன்னது. வண்டியின் பதிவு எண் டிஎன் 74 ஆனாலும் டிஎன் 75 ஆனாலும், ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டி அனுமதி வாங்காமல் எஞ்சினைத் தொடுவது புத்திசாலித்தனமில்லை. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் காப்பீட்டுக்காரரும் போலீஸும் பேசுவார்கள். இந்த அத்தியாயம் எப்படி மாற்றுவது என்று சொல்லித்தருவதற்காக எழுதப்படவில்லை. எஞ்சின் என்கிற முரட்டுப் பிராணியை ஒரு தகரக் கூட்டுக்குள் எப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

எஞ்சின் ஏன் ஆடுகிறது? நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வருகிறது. ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று தோன்றும். பாதிதான் உண்மை. கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து போவதால் பிஸ்டன் தன் பாதையின் மேல்பாதியைக் கடக்கும் வேகமும் கீழ்ப்பாதியைக் கடக்கும் வேகமும் ஒன்றல்ல. மிச்சப்படும் அந்த வித்தியாசம் கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் எஞ்சினை இரண்டு முறை மேலும் கீழுமாக உலுக்குகிறது. போதாததற்கு, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சிலிண்டர் வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை ஒரு பக்கம் திருகும்போது எஞ்சின் பிளாக்கை எதிர்ப்பக்கம் திருகுகிறது. கிணற்றில் இராட்டினத்தைச் சுற்றுகிறவர் தரையில் காலை ஊன்றிக்கொள்வாரே, அந்தக் கால் ஊன்றல்தான் எஞ்சினுக்கு மவுண்டிங். டீசலில் அழுத்த விகிதம் 20-க்கு மேல், பழைய பெட்ரோல் எஞ்சினில் அதில் பாதியைவிடக் குறைவு. எனவே டீசலின் ஒவ்வொரு திருகலும் ஓர் உதை.

எஞ்சின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 750 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 12.5 சுற்று, 25 உதை. இந்த 25 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரப்பர். எந்தச் சுமையையும் மெத்தென்ற ஒன்றின் மேல் வைத்தால் அது ஓரளவு அமுங்கும். எவ்வளவு அமுங்குகிறது என்று தெரிந்தால், அதைத் தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று சொல்லிவிடலாம். சுமையின் எடை எவ்வளவு என்றுகூடத் தெரிய வேண்டாம். ஊஞ்சலின் ஆட்டத்துக்குக் கயிற்றின் நீளம் போதும், உட்கார்ந்திருப்பது குழந்தையா தாத்தாவா என்பது வேண்டாம், அதுபோலத்தான். அமுங்கல் மில்லிமீட்டரில் எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் போதும். எஞ்சின் உட்கார்ந்ததும் ரப்பர் 4 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் சொந்த ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய 8. அரை மில்லிமீட்டர்தான் அமுங்கினால் 22. பக்கவாட்டில் புரள்வதற்கும் இதே தர்க்கம்தான், எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

எட்டில் ஆட விரும்பும் ஒன்றை நொடிக்கு 25 முறை உதைத்தால் அதனால் ஈடுகொடுக்க முடியாது. ஒரு பக்கம் நகரத் தொடங்குவதற்குள் மறுபக்கம் இழுக்கிறார்கள். உதையின் ஒன்பதில் ஒரு பங்குதான் ரப்பரைத் தாண்டி வண்டியின் உடம்புக்குப் போகிறது. மீதியை எஞ்சின் தானே ஆடித் தீர்த்துக்கொள்கிறது. சொந்த ஆட்டம் 22 ஆக இருந்தால் கதை தலைகீழ். உதையும் ஆட்டமும் கிட்டத்தட்டத் தாளம் சேர்ந்துவிடும். உள்ளே போன உதை மூன்று நான்கு மடங்காகப் பெருகி வெளியே வரும். ரப்பரே இல்லாமல் இரும்போடு இரும்பாக முடுக்கியிருந்தால்கூட ஒரு மடங்குதான் போயிருக்கும். பட்டறையில் பெரியவர் ஒருவர் இதைக் கணக்கில்லாமல் சொன்னார்: “அரைகுறை ரப்பர் வைக்கதுக்கு வெறும் இரும்ப வச்சு முறுக்கிரலாம் மக்கா.” கணக்கு அவர் பக்கம்தான். உதையின் வேகம் சொந்த ஆட்டத்தைப்போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பரால் லாபம். அதற்குக் கீழே நஷ்டம்.

எருமைச் சிலுப்பலுக்கும் விடை இதிலேயே வந்துவிட்டது. அணைத்ததும் எஞ்சின் 750 சுற்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குகிறது. வழியில் 240 சுற்றைக் கடக்கும் தருணத்தில் உதைகள் நொடிக்கு எட்டு. ரப்பரின் சொந்தத் தாளம். அந்த ஒரு கணம் இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன, வண்டி உதறுகிறது. ஸ்டார்ட் ஆகும்போதும் இதே கணத்தைக் கடக்க வேண்டும், ஆனால் அப்போது எஞ்சின் தாவிப் போய்விடுகிறது. ஒரு சிலிண்டரின் நாசில் கெட்டுப்போனால் வண்டி நின்ற இடத்தில் குலுங்குவதற்கும் காரணம் தூரத்தில் இல்லை. நான்கில் ஒன்று வெடிக்காவிட்டால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒரு பள்ளம் விழுகிறது, நொடிக்கு ஆறேகால் முறை. எட்டுக்குப் பக்கத்து வீடு.

இந்த ஞானம் கார்களுக்கு உடனே வந்துவிடவில்லை. ஆரம்பகாலக் கார்களில் எஞ்சினைச் சட்டத்தோடு இறுக்கி முடுக்கினார்கள். ஏறியவர்களின் பல் ஆடியது. 1931-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் செய்த ஏற்பாட்டுக்கு ‘மிதக்கும் சக்தி’ என்ற பொருளில் பெயர் வைத்தது. அடுத்த ஆண்டே பிரான்ஸின் சித்ரோயென் அந்த உரிமையை வாங்கி, நீந்தும் அன்னம் ஒன்றைத் தன் சின்னத்தோடு சேர்த்துக்கொண்டது. விளம்பரத்தைத் தள்ளிவிட்டால் உள்ளே ஒரு நல்ல யோசனை மிஞ்சும். எந்தப் பொருளுக்கும் தானாகப் புரள விரும்பும் ஓர் அச்சு உண்டு. அம்மிக்குழவியைத் தரையில் உருட்டினால் அது தன் அச்சைத் தானே தேர்ந்துகொள்ளும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த நீளமான பொருளுக்கு அந்த அச்சு கிராங்கோடு ஒத்துப்போகாமல், முன்னால் உயர்ந்தும் பின்னால் தாழ்ந்தும் சாய்ந்திருக்கிறது. முன்பக்கம் கனம் மேலே இருக்கிறது, பின்னால் கியர்பாக்ஸ் ஒல்லியாகத் தாழ்ந்திருக்கிறது. கிரைஸ்லர்காரர்கள் முன் மவுண்டிங்கை உயரத்தில் தண்ணீர் பம்ப்பின் அடியிலும், பின் மவுண்டிங்கைத் தாழ்வாகக் கியர்பாக்ஸின் பக்கத்திலும் வைத்தார்கள். தான் புரள விரும்பும் அச்சிலேயே எஞ்சினைப் புரளவிட்டு, அந்த அச்சின் மேல் பிடித்தார்கள். நம் ஊரில் மாட்டுக்காரர்கள் விட்டுப் பிடிப்பது என்பார்களே, அது.

ரப்பரைப் பற்றிப் பேச நாகர்கோவில் இருக்கும் இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. நாஞ்சில் நாட்டு வயல்களைத் தாண்டி மலைப்பக்கம் ஏறினால் குலசேகரம், கீரிப்பாறை என்று ரப்பர் மரங்கள்தான். தமிழ்நாடு அரசின் அரசு ரப்பர் கழகம் 1984-இல் தொடங்கப்பட்டதும் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டுதான். விடியுமுன் பால் வெட்டி, சிரட்டையில் சேர்ந்ததை எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகையில் போடுகிறார்கள். அந்த ஷீட்டை அப்படியே எஞ்சினுக்கு அடியில் வைத்தால் மாவு மாதிரி நசுங்கிப் பரந்துவிடும். கந்தகத்தோடு சூடாக்கினால்தான் நீளமான மூலக்கூறுகளுக்கு இடையே முடிச்சு விழுந்து, நசுக்கினாலும் பழைய உருவத்துக்குத் திரும்பும். சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டது இது.

செயற்கை ரப்பர்கள் எத்தனையோ வந்துவிட்டன. எஞ்சின் மவுண்டிங்குக்கு இன்றும் பெரும்பாலும் மரத்துப் பாலிலிருந்து வந்த ரப்பர்தான். இழுக்கும்போது அதன் மூலக்கூறுகள் வரிசையாக நின்று படிகமாகின்றன. விரிசல் தொடங்கினால் அதன் நுனியில்தான் இழுவை அதிகம், அங்கேயே படிகம் உருவாகி விரிசலுக்குக் குறுக்கே சுவர் எழுப்புகிறது. கோடிக்கணக்கான உதைகளைத் தாங்கும் ரகசியம் இதுதான். அதற்கு இரண்டு எதிரிகள், எண்ணெயும் வெப்பமும். ஆயில் சீல் ஒழுகும் வண்டியில் மவுண்டிங் ரப்பர் ஊறிப் பழுத்த கொய்யாவாகிவிடும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் காய்ந்து வெடிக்கும்.

ரப்பரை அமுக்கினால் சுருங்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதன் கன அளவு கிட்டத்தட்ட மாறுவதே இல்லை, தண்ணீரைப்போல. மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்குகிறது. பிதுங்க இடமில்லாமல் நான்கு பக்கமும் இரும்பால் அடைத்துவிட்டால் அது கல். கிண்ணத்துக்குள் ரப்பரைத் திணித்து ‘மவுண்டிங் செய்தாயிற்று’ என்பவர்கள் செய்வது இதுதான். பழைய டயரை வெட்டி அடியில் வைப்பதும் அதே ரகம். டயருக்குள் இருக்கும் நூல் அடுக்கு ரப்பரைப் பிதுங்கவிடாது. நல்ல மவுண்டிங்கில் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பர் ஒட்டி வார்க்கப்பட்டு, பக்கங்கள் வெறுமையாக இருக்கும். அதைச் சாய்வாகப் பொருத்தினால் சுமை கொஞ்சம் அமுக்கலாகவும் கொஞ்சம் சறுக்கலாகவும் பிரிகிறது. சறுக்கலில் ரப்பர் மெத்தென்று இருக்கும், அமுக்கலில் விறைப்பாக நிற்கும். சாய்வைக் கூட்டிக் குறைத்தே வேண்டிய மென்மையைப் பெறலாம். பெட்ரோல் எஞ்சினின் ரப்பரையே கனமான டீசலுக்கும் வைத்துவிட்டால், அது முழுக்க நசுங்கி உட்கார்ந்து, பிதுங்க இனி இடமில்லை என்ற நிலைக்கு வந்து கல்லாகிவிடும். வைத்தது மெத்தென்ற ரப்பர், கிடைப்பது விறைப்பு.

சரி, செயின் பிளாக்கில் எஞ்சின் தொங்குகிறது. சாயங்காலம் வரை ஏன்?

முதலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடம்பாக வேண்டும். வேறு வேறு வண்டியிலிருந்து வந்தவை என்றால் நடுவே ஒரு தகடு லேத்தில் கடைந்து வைக்க வேண்டியிருக்கும். கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் அளவுக்கு. முடி அகலம் விலகினாலும் கிளட்ச் பிளேட்டும் பைலட் பேரிங்கும் மெல்ல மெல்லத் தின்னப்படும். ரப்பரால் இந்தக் குற்றத்தை மறைக்கவே முடியாது.

அடுத்து கோணம். கியர்பாக்ஸின் வாலிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸ் ஜாயின்ட் உண்டு. அது ஒரு நூதனமான குறும்புக்காரன். கோணத்தில் சுற்றும்போது, உள்ளே சீராகச் சுற்றினாலும் வெளியே ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரிக் கோணத்தில் இந்தக் கூட்டல் கழித்தல் ஒன்றரை சதவீதம். பின்னாலிருக்கும் இன்னொரு ஜாயின்ட் அதே அளவு கோணத்தில் இருந்து, இரண்டு கவைகளும் ஒரே வரிசையில் நின்றால், முதலாமவர் செய்த சேட்டையை இரண்டாமவர் ரத்துசெய்துவிடுவார். ஆகவே எஞ்சின் எவ்வளவு சாய வேண்டும் என்பதை எஞ்சின் முடிவுசெய்வதில்லை. ஐந்தடிக்குப் பின்னால் இருக்கும் ஆக்சில் முடிவுசெய்கிறது. முன் மவுண்டிங்குக்கும் பின் மவுண்டிங்குக்கும் ஒரு மீட்டர் இடைவெளி என்றால், ஒரு பக்கம் 10 மில்லிமீட்டர் வாஷர் கொடுத்தாலே அரை டிகிரிக்கு மேல் மாறிவிடும். ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கீழே சம்ப் ஸ்டியரிங்கில் முட்டக் கூடாது. முன்னால் ஃபேன் ரேடியேட்டரைத் தொடக் கூடாது. பிரேக் போட்டால் எஞ்சின் முன்னால் சாயும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் ஒத்துவந்த பிறகுதான் பிராக்கெட். அதையும் முழுக்க வெல்ட் செய்யவில்லை. இரண்டு மூன்று பொட்டு வைத்துப் பிடித்துக்கொண்டு, ரப்பரைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் முழு வெல்டிங். சூடு ரப்பருக்கு ஆகாது. பிறகு ரப்பரை வைத்து, செயினை மெல்லத் தளர்த்தி, எஞ்சின் தன் கனத்தில் தானே உட்காரும் வரை போல்ட்களை முடுக்காமல் விட்டுவைத்தார்கள். முதலிலேயே முடுக்கிவிட்டு எஞ்சினை இறக்கினால் ரப்பர் பிறக்கும்போதே முறுக்கிக்கொண்டு பிறக்கும். ஒருநாள் ஓடுவதற்கு முன்பே அதன் ஆயுளில் பாதியை வாங்கிவிடுவீர்கள்.

பிராக்கெட் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும்? எஞ்சினின் திருகுவிசை 100 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 3.5 என்று வைத்துக்கொண்டால், மவுண்டிங்குகள் எதிர்க்க வேண்டியது 350. இரண்டு பக்க மவுண்டிங்கும் அரை மீட்டர் தள்ளி இருந்தால் ஒரு பக்கம் 70 கிலோ கூடுதலாக அமுங்கும், மறுபக்கம் 70 கிலோ தூக்கப்படும். தூக்கப்படும் பக்கம்தான் ஆபத்து. ரப்பர் பிய்ந்தால் எஞ்சின் எழும்பாதபடி நல்ல மவுண்டிங்குகளில் ஒரு கொக்கி இருக்கும். மாருதி 800 போன்ற, எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுற்றும் கார்களில் இந்தக் கணக்கு வேறு. அங்கே டிஃபரன்ஷியலும் அதே கூட்டுக்குள் இருப்பதால், சக்கரத்தில் விழும் முழுத் திருகலையும் மவுண்டிங்தான் வாங்க வேண்டும், இதைப்போல நான்கு மடங்கு. அதனால்தான் பல முன்சக்கர இழுவைக் கார்களில் எஞ்சினைப் பிடித்திழுக்கத் தனியாக ஒரு தண்டு இருக்கிறது.

முட்டத்திலோ குளச்சலிலோ கரையேற்றி வைத்த விசைப்படகை எட்டிப் பார்த்தால் இதன் மறுபக்கம் தெரியும். லாரி எஞ்சினின் உறவுக்கார டீசல்தான் உள்ளே, கனத்த மர விட்டங்களின் மேல். காரின் ஷாஃப்ட் திருகுவதோடு சரி, நீளவாக்கில் தள்ளாது. புரொப்பல்லர் படகையே முன்னே தள்ளுகிறது, அந்தத் தள்ளல் முழுதும் ஷாஃப்ட் வழியாகக் கியர்பாக்ஸில் வந்து விழுகிறது. அங்கே மெத்தென்று விட்டால் எஞ்சினே நகரும். ஷாஃப்டின் இணைப்புத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய கேஜ் தகட்டைச் சுற்றிலும் விட்டுப் பார்த்து நேராக்குவார்கள். அதையும் கரையில் பார்த்து முடித்துவிட முடியாது. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடம்பு கொஞ்சம் வளையும், எனவே மிதக்கவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

பட்டறைக்குத் திரும்புவோம். எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்யப் போகும் நேரத்தில் ஓர் இளைஞர் ஓடிப்போய்ப் பின்னிய செம்புப் பட்டை ஒன்றை எடுத்துவந்து எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே முடுக்கினார். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் ஒரு முனை உடம்போடு இணைந்திருக்கிறது, ஸ்டார்ட்டர் மோட்டாரோ எஞ்சினில். அந்தப் பட்டை இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வழிதேடி அலைந்து, கடைசியில் ஆக்சிலரேட்டர் கேபிளிலோ கிளட்ச் கேபிளிலோ பாயும். கேபிள் சிவந்து புகைவதைப் பார்த்து அலறியவர்கள் உண்டு. எஞ்சினை மிதக்கவிட்ட பிறகு அதைத் தொடும் எதுவும் விறைப்பாக இருக்க முடியாது. டீசல் குழாய்க்கு ரப்பர் ஹோஸ், சைலன்சருக்கு நெளியும் இணைப்பு, ஒயர்களுக்கு ஒரு தொங்கல்.

எஞ்சின் எடுத்தது. பெரியவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஆக்சிலரேட்டரை இரண்டு முறை உறுமவிட்டு எஞ்சின் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தார். பிறகு அணைக்கச் சொன்னார். சத்தம் ஓய்ந்தது. வண்டி அசையாமல், ஒரு சிலுப்பலும் இல்லாமல் கப்சிப்பென்று நின்றது. எனக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

அவர் முகம் சுருங்கியது. “இறங்கலியே,” என்றார், பானெட்டைத் திறந்து இடதுபக்க மவுண்டிங்குக்குள் டார்ச் அடித்துக்கொண்டே. “ரப்பர் எங்கயோ முட்டிக்கிட்டு நிக்கி. செயின மறுபடி மாட்டு பிள்ளே.”